வருஷத்துக்கு எத்தனை புத்தகம்? டிராகன் விளையாட்டு கம்பெனியை மூழ்கடித்த வேகமும், ஒரு சத்திரம் மட்டுமே போதும் என்கிற ரகசியமும்!

கும்மிடிப்பூண்டி தாண்டி எளாவூர் சோதனைச்சாவடி பக்கம் ராத்திரி 11 மணிக்கு நின்று பார்த்திருக்கிறீர்களா? ரோட்டோரம் வரிசையாக லாரிகள், அதை ஒட்டி டீக்கடை. ஒரே பெஞ்சில் ஒடிசாவுக்கு லோடு ஏற்றிப் போகிற டிரைவர், சிப்காட்டில் ஷிப்ட் முடித்து வந்த பையன், தடாவில் இருந்து பைக்கில் வந்த ஒருவர். தமிழ், தெலுங்கு, இந்தி எல்லாம் கலந்து கேட்கும். யாருக்கும் யாரையும் தெரியாது. "முன்னாடி ரோடு எப்படிண்ணே இருக்கு?" என்று ஒருத்தர் கேட்டால் போதும், பேச்சு ஆரம்பித்துவிடும்.

உலகம் முழுக்க மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடப்படும் ஃபேன்டஸி ரோல் பிளேயிங் விளையாட்டுகளில் பல கதைகள் தொடங்குவது இப்படிப்பட்ட ஒரு பெஞ்சில்தான். ஆங்கிலத்தில் அந்த இடத்துக்கு 'டேவர்ன்' என்று பெயர். சாப்பாடு, மது, படுக்க இடம், நாலு ஊர் வதந்தி எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே கிடைக்கும். நம்ம ஊர் சத்திரத்தையும் கள்ளுக்கடையையும் டீக்கடையையும் ஒன்றாகச் சேர்த்தால் எப்படி இருக்குமோ, அப்படி. இந்த டேவர்ன்களுக்கென்றே தனியாகப் புத்தகம் போடுகிறார்கள். அதையும் காசு கொடுத்து வாங்குகிறார்கள். ஏன்? அதைப் புரிந்துகொள்ள, முதலில் ஒரு கம்பெனி மூழ்கிய கதையைப் பார்க்க வேண்டும்.

அது என்ன விளையாட்டு?

'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' முதல் எபிசோடில் நாலு பசங்க ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து கத்திக்கொண்டு பகடை உருட்டுவார்களே, அதேதான். பெயர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், சுருக்கமாக டி அண்ட் டி. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் உருவாக்கி 1974-ல் வெளியிட்டார்கள். முதலில் அச்சடித்தது வெறும் 1,000 பிரதி.

ஒருத்தர் கதை சொல்லி. அவருக்கு 'டன்ஜன் மாஸ்டர்' என்று பெயர். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரம் எடுத்துக்கொள்வார்கள்: வீரன், மந்திரவாதி, திருடன் இப்படி. "கதவைத் திறக்கிறேன்" என்று நீங்கள் சொன்னால், அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று கதை சொல்லி சொல்வார். ஜெயிப்பீர்களா தோற்பீர்களா என்பதை 20 முகப் பகடை முடிவு செய்யும். நம்ம தாயத்தில் 'தாயம்' விழாமல் காய் இறங்காது இல்லையா, அதே டென்ஷன். வித்தியாசம் என்னவென்றால், இங்கே கட்டம் கிடையாது. கதைதான் கட்டம்.

கம்ப்யூட்டர் வேண்டாம், கரண்ட் கூட வேண்டாம். ஆனால் புத்தகம் வேண்டும். பணம் அங்கேதான் புழங்குகிறது, சிக்கலும் அங்கேதான்.

5 பேர் ஆடினால் 1 ஆள்தான் வாங்குவார்

இந்த வியாபாரத்தின் அடிப்படைக் கணக்கே கொஞ்சம் விசித்திரமானது. ஒரு மேசையில் 5 பேர் உட்கார்ந்தால், பெரும்பாலும் கதை சொல்லிதான் புத்தகங்களை வாங்கிக் குவிப்பார். மற்றவர்கள் விதிமுறைப் புத்தகம் ஒன்றோடு நிறுத்திக்கொள்வார்கள். இன்னொன்று, ஒரு பெரிய சாகசப் புத்தகத்தை வாரத்துக்கு ஒரு நாள், மூணு மணி நேரம் என்று ஆடினால் முடிக்கப் பல மாதம் ஆகும். வருஷம் தாண்டியும் இழுக்கும். சினிமா மாதிரி வெள்ளிக்கிழமைக்கு ஒன்று என்று விட்டால் ஆடுவதற்கு ஆள் இருக்காது. அலமாரியில்தான் இருக்கும்.

டி அண்ட் டி-யை வெளியிட்ட டிஎஸ்ஆர் நிறுவனம் இதைக் கவனிக்கத் தவறியது. 1987-ல் 'ஃபர்காட்டன் ரெல்ம்ஸ்' என்ற கற்பனை உலகம். அடுத்து 1989-ல் 'ஸ்பெல்ஜாமர்', 1990-ல் 'ரேவன்லாஃப்ட்', 1991-ல் 'டார்க் சன்', 1992-ல் 'அல்-காதிம்', 1994-ல் 'பிளேன்ஸ்கேப்', 1995-ல் 'பர்த்ரைட்'. கிட்டத்தட்ட வருஷத்துக்கு ஒரு புது உலகம். ஒவ்வொரு உலகத்துக்கும் தனித்தனியாகப் பெட்டி, வரைபடம், சாகசம், நாவல்.

விளைவு என்ன? ரசிகர் கூட்டம் பெரிசாகவில்லை, துண்டு துண்டாக உடைந்தது. 'டார்க் சன்' ஆடுகிறவருக்கு 'பர்த்ரைட்' புத்தகம் எதற்கு? கம்பெனி தன் சரக்கோடு தானே போட்டி போட்டது.

இதில் இன்னொரு பொறியும் இருந்தது. டிஎஸ்ஆர் புத்தகங்களைக் கடைகளுக்குக் கொண்டுபோனது ரேண்டம் ஹவுஸ். சரக்கு அனுப்பியதுமே பணம் கைக்கு வந்துவிடும். ஆனால் விற்காதது பின்னாடி திரும்பி வரும், அந்தப் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். கையில் காசு குறைந்தால் என்ன செய்வது? இன்னும் கொஞ்சம் புத்தகம் அச்சடித்து அனுப்பு! வட்டி கட்ட வட்டிக்கு வாங்குகிற கதைதான். 1996 வாக்கில் நாவல்களும், 'டிராகன் டைஸ்' என்ற பகடை விளையாட்டும் மூட்டை மூட்டையாகத் திரும்பி வந்தன. கடன் சுமார் 3 கோடி டாலர். அச்சகமே "பாக்கியைக் கொடுத்தால்தான் அடுத்தது" என்று கையை விரித்தது. 1997-ல் 'விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட்' நிறுவனம் டிஎஸ்ஆரை வாங்கியது. 1999-ல் அந்த நிறுவனத்தையே பொம்மைக் கம்பெனியான ஹாஸ்ப்ரோ வாங்கிவிட்டது.

வேகத்தைக் குறைத்த பிறகு

அடுத்தடுத்த பதிப்புகளிலும் புத்தக வெள்ளம் உடனே வடியவில்லை. பெரிய மாற்றம் வந்தது 2014-ல், ஐந்தாம் பதிப்பில். மூன்று அடிப்படைப் புத்தகங்களையும் ஒரே நாளில் இறக்காமல் ஆகஸ்ட், செப்டம்பர், டிசம்பர் என்று பிரித்து விட்டார்கள். முக்கியமான விதிகளை ஜூலையிலேயே இலவச பிடிஎஃப்பாகக் கொடுத்துவிட்டார்கள். 2015, 2016, 2017 மூன்று வருஷமும் பெரிய புத்தகம் வருஷத்துக்கு 3 தான். 2016-ஐ எடுத்துக்கொண்டால் மார்ச்சில் 'கர்ஸ் ஆஃப் ஸ்ட்ராட்', செப்டம்பரில் 'ஸ்டார்ம் கிங்ஸ் தண்டர்', நவம்பரில் 'வோலோஸ் கைட் டு மான்ஸ்டர்ஸ்'. அவ்வளவுதான்.

"என்னய்யா, இவ்வளவு ஸ்லோவா?" என்று பழைய ரசிகர்கள் புலம்பினார்கள். ஆனால் புதுசாக வருகிறவருக்கு இது பெரிய நிம்மதி. கடையில் போய் நின்றால் 60 புத்தகம் முறைக்காது. 3 அல்லது 4 தான் இருக்கும். எதில் ஆரம்பிப்பது என்று தெரியும். அப்போது அடிப்படைப் புத்தகம் ஒன்றின் விலை அமெரிக்காவிலேயே சுமார் 50 டாலர். இங்கே இறக்குமதியாகி வந்தால் ஆயிரங்களில்தான் பேச்சு. நம்ம மாதிரி ஆட்களுக்கு மெதுவான வேகம் என்பது பர்ஸுக்கு நல்லது.

தமிழில் காமிக்ஸ் படிப்பவர்களுக்கு இந்த விவாதம் பழசு. சிவகாசியில் இருந்து 1972-ல் தொடங்கிய முத்து காமிக்ஸ், 1984-ல் தொடங்கிய லயன் காமிக்ஸ் இரண்டுக்கும் காத்திருந்த தலைமுறை நம்ம வீட்டிலேயே இருக்கும். புத்தகம் வராமல் போனால் ஏக்கம், நிறைய வந்தால் "படிக்க நேரமில்லையே, பட்ஜெட் இல்லையே" என்று இன்னொரு கவலை!

டி அண்ட் டி-யும் பிறகு மறுபடி வேகம் எடுத்தது. 2023-ல் மட்டும் பெரிய புத்தகங்கள் 5. அதற்கு அடுத்த வருஷமே அடிப்படைப் புத்தகங்களின் புதுப்பித்த பதிப்பு வர ஆரம்பித்தது. பழைய தப்பு திரும்புகிறதா என்ற கேள்வி ரசிகர்களிடம் இருக்கிறது. நியாயமான கேள்விதான்.

சரி, டேவர்ன் புத்தகம் எங்கே வருகிறது?

பெரிய புத்தகம் மெதுவாக வந்தால் இடைவெளி விழும். அந்த இடைவெளியை சின்னச் சின்ன வெளியீடுகள் நிரப்பும். 2016 ஜனவரியில் 'டிஎம்ஸ் கில்ட்' என்ற இணையச் சந்தை திறந்தது. யார் வேண்டுமானாலும் டி அண்ட் டி-க்கு எழுதி விற்கலாம், விற்பனையில் பாதி எழுதியவருக்கு. தனி ஆள் ஒருத்தர் 300 பக்க உலகத்தை எழுத முடியாது. 12 பக்கத்தில் ஒரு சத்திரத்தை எழுதலாம். இந்த அளவுக்கு டேவர்ன் பொருத்தமான சரக்கு.

அதற்குள் என்ன இருக்கும்? ஒரு தரைப்படம், சாப்பாட்டுப் பட்டியல், கடைக்காரர், வேலை செய்பவர்கள், வழக்கமாக வருகிறவர்கள், அவர்களுக்குள் இருக்கும் தகராறு, பகடை உருட்டி எடுக்கும் வதந்திகள். முக்கியமான விஷயம், எந்த உலகத்திலும் இதைச் செருகலாம். 'டார்க் சன்' ஆளுக்கும் உதவும், 'ரேவன்லாஃப்ட்' ஆளுக்கும் உதவும். டிஎஸ்ஆரின் கற்பனை உலகங்களால் முடியாத காரியம் இது.

இந்த மரபுக்கு வயசும் ஆகிவிட்டது. 1954-ல் வந்த டோல்கீனின் நாவலில் 'பிரான்சிங் போனி' விடுதியில்தான் ஹாபிட்டுகள் வழிகாட்டியைச் சந்திப்பார்கள். 1979-ல் கைகாக்ஸ் எழுதிய 'வில்லேஜ் ஆஃப் ஹாம்லெட்' சாகசத்தில் 'வெல்கம் வென்ச்' என்ற விடுதி வரும்.

எல்லாவற்றிலும் பிரபலம் வாட்டர்டீப் நகரத்தின் 'யானிங் போர்ட்டல்'. விடுதிக்கு நடுவிலேயே ஒரு பெரிய கிணறு. கீழே பாதாளச் சிறை. இறங்க ஒரு பொற்காசு, மேலே ஏற இன்னொரு பொற்காசு. கடைக்காரர் டர்னன் வாங்கிப் போட்டுக்கொள்வார். (ஏறுவதற்கும் காசு கேட்பதுதான் அழகு. கீழே மாட்டிக்கொண்டவன் பேரமா பேசுவான்?) 2017-ல் வெவ்வேறு காலத்து 7 பழைய சாகசங்களை ஒரே புத்தகமாகத் தொகுத்தபோது, அவற்றைக் கட்டும் கயிறாக இந்த விடுதியின் பெயரைத்தான் வைத்தார்கள். 2018-ல் வந்த 'டிராகன் ஹைஸ்ட்' சாகசத்தில் ஆடுகிறவர்களுக்கே பாழடைந்த பேய் விடுதி ஒன்று பரிசாகக் கிடைக்கும். டிராகனை மறந்துவிட்டு "கடையை எப்போ திறக்கலாம், மெனு என்ன போடலாம்" என்று மணிக்கணக்கில் உட்கார்ந்து பேசுகிற குழுக்கள் உண்டு.

இந்தியாவுக்கு இதில் இடம் இருக்கிறதா?

இருக்கிறது. 2022 ஜூலையில் 'ஜர்னிஸ் த்ரூ தி ரேடியன்ட் சிட்டாடல்' என்ற தொகுப்பு வந்தது. 13 சாகசங்கள், எழுதியவர்கள் யாரும் வெள்ளையர் இல்லை. அதில் ஒன்றை எழுதியவர் கொல்கத்தாவைச் சேர்ந்த மிமி மண்டல். வங்காளத்தின் சாயலில் ஆறுகள் சூழ்ந்த 'சங்கபூமி' என்ற நிலம் அவருடையது.

தமிழில் அதிகாரப்பூர்வ பதிப்பு கிடையாது. ஆனால் தடையும் கிடையாது. 2023 ஜனவரியில் உரிம விதிகளை இறுக்கப் பார்த்த விசார்ட்ஸ், ரசிகர்களின் கொந்தளிப்பைப் பார்த்துப் பின்வாங்கியது. அந்த மாதம் 27-ம் தேதி அடிப்படை விதித் தொகுப்பை 'கிரியேட்டிவ் காமன்ஸ்' உரிமத்தில் திறந்துவிட்டது. மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு யாரும் மொழிபெயர்க்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம்.

சத்திரத்துக்கு ஐரோப்பாவுக்குப் போக வேண்டியதும் இல்லை. தஞ்சை மராட்டிய மன்னர்கள் ராமேஸ்வரம் போகும் பாதையில் வரிசையாகச் சத்திரங்கள் கட்டினார்கள். ஒரத்தநாட்டில் உள்ள முத்தாம்பாள் சத்திரம் இரண்டாம் சரபோஜி காலத்தது. 1801-ல் கம்பெனியின் ரெசிடெண்டுக்கு சரபோஜி எழுதிய கடிதத்தைப் படித்தால், ஒரு டேவர்ன் புத்தகத்துக்கான குறிப்பு மாதிரியே இருக்கும். யாத்ரீகர்களுக்குச் சோறு, குழந்தைகளுக்குப் பால், நோயாளிகளுக்கு வைத்தியம், கர்ப்பிணிகளுக்குப் பிரசவம், வழியில் இறந்தவருக்கு இறுதிச் சடங்கு. ஒரே கட்டடத்தில் பிறப்பும் சாவும். இதைவிட நல்ல கதைக்களம் எந்தக் கற்பனை உலகத்தில் இருக்கிறது?

எளாவூரில் ஒரு டேவர்ன் போட்டுப் பார்ப்போமா?

பெயர்: சாவடி சத்திரம். இரண்டு ராஜ்ஜியங்களின் எல்லை. மேற்கே இரும்பு உருக்கும் உலைகள், ராத்திரியெல்லாம் வானம் சிவப்பாக இருக்கும். கிழக்கே ஆழமில்லாத பெரிய உப்பங்கழி. வடக்கே தீவில் இருந்து அவ்வப்போது நெருப்பு அம்பு ஒன்று வானத்துக்குப் போகும், ஏன் என்று யாருக்கும் தெரியாது. (பழவேற்காடும் ஸ்ரீஹரிகோட்டாவும்தான், கண்டுபிடித்திருப்பீர்கள்.) கடை நடத்துகிற அக்காவுக்கு மூணு பாஷை தெரியும், நாலாவது தெரியாத மாதிரி நடிப்பார். சாப்பாடு: சுடு சோறு, இறால் குழம்பு. விடிகாலையில் குழம்பு மட்டும்தான் மிச்சம்.

வதந்திக்கு ஆறு முகப் பகடையை உருட்டுங்கள். 1 விழுந்தால், எடைமேடையில் ஏறும்போது ஒரு எடை, இறங்கும்போது இன்னொரு எடை காட்டிய வண்டி ஒன்று பின்கொட்டகையில் நிற்கிறது. ஏற்றியதும் இல்லை, இறக்கியதும் இல்லை. 2 என்றால், இந்தப் பனிக்காலம் பூநாரைகள் கழிக்கு வரவில்லை. மீனவர்கள் அதற்குக் காரணம் சொல்ல மறுக்கிறார்கள். 3, உலையில் வேலை செய்யும் வடநாட்டுப் பையன் தன் ஊருக்கு எழுதிய கடிதத்துக்குப் பதில் வந்திருக்கிறது, ஆனால் அது அவன் கையெழுத்திலேயே இருக்கிறது. 4, காவல் அதிகாரி மாற்றலாகிப் போய்விட்டார், அவர் நாய் மட்டும் தினம் அதே இடத்தில் வண்டிகளை நிறுத்துகிறது. 5, கடைசி அறையை மூணு பேர் ஒரே ராத்திரிக்கு வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள், மூணு பேரும் சொன்ன பெயர் ஒன்றே.

6 விழுந்தால் கதை சொல்லி வாயைத் திறக்கக் கூடாது. மேசையில் உட்கார்ந்திருப்பவர்களில் ஒருத்தர், வேலைக்கு வருகிற வழியில் நிஜமாகக் கேட்ட ஒன்றைச் சொல்ல வேண்டும்.