டீச்சரம்மாவின் கம்பளிக் கோட்

இங்கிலாந்தில் மகன் வீட்டில் இருக்கிறேன். அவன் சின்ன வீட்டுக்கு மாறுகிறான். மூன்று நாளாகச் சாமான் ஒழிக்கும் வேலை.

நம் ஊரில் பழைய துணிக்குப் பாத்திரக்காரர் எவர்சில்வர் கிண்ணம் கொடுப்பார், மிச்சத்தைப் பழைய பேப்பர்காரர் எடுப்பார். இங்கே "சாரிட்டி ஷாப்ல குடுத்துடலாம்ப்பா" என்றான் மகன். நாம் இலவசமாகக் கொடுப்பதை அவர்கள் விற்று, அந்தப் பணத்தை அறப்பணிக்குச் செலவிடுவார்களாம். தானம் கொடுத்ததை விற்பதா? எனக்கு உறுத்தியது. வாத்தியார் புத்தி, வரலாற்றைத் தேடிப் போனேன்.

இரண்டாம் உலகப் போரை உங்களுக்கு எத்தனை வருடம் நடத்தியிருப்பேன்! கிரீஸ் நாட்டின் பட்டினியைப் பற்றி ஒரு வரி சொன்னதில்லை. 1941இல் ஜெர்மனியும் அதன் கூட்டாளிகளும் கிரீஸைப் பிடித்து, உணவைப் பறித்துக்கொண்டார்கள். வெளியிலிருந்து உணவு வரவிடாமல் பிரிட்டன் கடலை முற்றுகையிட்டிருந்தது. அந்தக் குளிர்காலத்தில் பல்லாயிரம் பேர் பட்டினியால் இறந்தார்கள்.

முற்றுகையிட்ட அதே பிரிட்டனில், 1942 அக்டோபர் 5 அன்று ஆக்ஸ்போர்டு தேவாலயம் ஒன்றில் சிலர் கூடினார்கள். உணவுக் கப்பல்களையாவது விடுங்கள் என்று தங்கள் அரசிடமே கேட்கக் குழு அமைத்தார்கள். கிரேக்க மொழி அறிஞர் கில்பர்ட் மர்ரே அவர்களில் ஒருவர். அந்தக் குழுதான் இன்றைய ஆக்ஸ்பாம்.

போர் முடிந்ததும் ஐரோப்பிய மக்களுக்காகத் துணி கேட்டார்கள். துணியோடு வேறு பொருள்களும் குவிந்தன. எல்லாவற்றையும் கப்பலில் அனுப்ப முடியுமா? ஆக்ஸ்போர்டு பிராட் தெருவில் கடை போட்டார்கள். 1949இல் வேலைக்குச் சேர்ந்த ஜோ மிட்டி, வந்த பொருளையெல்லாம் காசாக்கினார். 1951இல் பீகாரில் பஞ்சம். அப்போது அந்தக் குழு நம் நாட்டுக்கும் உதவியது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஆக்ஸ்போர்டில் ஒரு பாட்டி கொடுத்த பூச்சாடி பீகாரில் யார் பசியையும் ஆற்றாது. காசானால் ஆற்றும்.

மறுநாள் பக்கத்துக் கடைக்குப் போனோம். சோபாவில் தீப்பாதுகாப்புச் சீட்டு இல்லாததால் எடுக்கவில்லை. 1988இல் வந்த விதி. கிழிந்த போர்வையையும் அங்கிருந்த தன்னார்வலர் அம்மா பணிவாகத் திருப்பிக் கொடுத்தார். விற்காததை அப்புறப்படுத்தும் செலவு அவர்கள் தலையில்தான் விழுமாம். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. நம் வீட்டில் பாத்திரம் தேய்த்த அம்மாவுக்கு முப்பது வருடம் கிழிசலையும் சாயம் போனதையும்தானே கொடுத்தோம்? அவர் ஒருநாளும் திருப்பித் தந்ததில்லை. தர முடியாத நிலைமை.

வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்தேன். உங்கள் டீச்சரம்மா இங்கே வந்தபோது வாங்கிய கம்பளிக் கோட். ஒரே ஒரு குளிர்காலம் போட்டாள். அவள் போய் நான்கு வருடமாகிறது. ஊருக்கு எடுத்துப் போனாலும் பெட்டியில்தான் கிடக்கும். பொத்தான்களைச் சரிபார்த்து, மடித்து, நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மகன் இங்கே வருமான வரி கட்டுகிறவன் என்பதால் அவன் பெயரில் பையில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார்கள். விற்ற தொகைமேல் பவுண்டுக்கு 25 பென்ஸ் அரசிடமிருந்து அவர்களுக்குக் கூடுதலாகக் கிடைக்கும். என்ன விலைக்குப் போனது என்று கடிதம் வருமாம். வந்ததும் எழுதுகிறேன்.

ஊர் திரும்பியதும் அந்த அம்மாவைப் பார்க்கப் போக வேண்டும், புதுப் புடவையோடு.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்