அடுக்களைக் கல்லும் காஷான் ஓடும்: ஒரு வரலாற்றுப் பார்வை

வீட்டைப் புதுப்பிக்கும் வேலை தொடங்கிவிட்டால் அதிகப் பேச்சு நடப்பது அடுக்களையைப் பற்றித்தான். நிலைக்கும் சன்னலுக்கும் ஒரே நாளில் முடிவெடுக்கும் குடும்பம், அடுப்பு மேடைக்கு எந்தக் கல், சுவருக்கு எந்த டைல்ஸ் என்பதில் ஒரு மாதம் பேசுகிறது. பெரியவர்களுக்குப் பழகிய கடப்பாக் கல் போதும். வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்த பிள்ளைக்கு அங்கே கண்ட வெண்ணிறக் குவார்ட்ஸ் பலகை வேண்டும். அன்றாடம் அந்த மேடை முன் நின்று வேலை செய்யும் பெண்களிடம் மட்டும் நாம் கடைசியில்தான் கேட்கிறோம்.

நம் வீட்டிலும் இந்தப் பேச்சு எழுந்தது. விலைப்பட்டியல்களைப் பார்த்துக் களைத்தபின், இந்தப் பொருள்கள் எங்கிருந்து, எப்படி நம் அடுக்களைக்கு வந்தன என்று தேடிப் படித்தோம். அந்த வரலாறு நம் முடிவையும் மாற்றியது. அதனால்தான் இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

தரையிலிருந்து மேடைக்கு

நம் பெத்தும்மாக்களின் அடுக்களையில் மேடை என்று ஒன்று இல்லை. விறகடுப்பு தரையில் இருந்தது. சமைப்பவரும் தரையில் பலகையிட்டு அமர்ந்தார். அம்மி, ஆட்டுக்கல், உரல் ஆகியவையே அடுக்களையின் கற்கள். நின்றுகொண்டு சமைக்கும் பழக்கம் மண்ணெண்ணெய் ஸ்டவ்வோடும், பிறகு கேஸ் அடுப்போடும் பரவியது. இந்தியாவில் சமையல் எரிவாயு 1955இல் பம்பாயில் விற்பனைக்கு வந்தது. இண்டேன் உருளை 1965இல் கல்கத்தாவில் அறிமுகமானது. உருளையைக் கீழே வைக்க வேண்டும், அடுப்பு அதற்கு மேலே இருக்க வேண்டும். இந்தத் தேவைதான் இடுப்புயர மேடையை வீடுதோறும் கொண்டுவந்தது.

அந்த மேடைக்கு முதலில் அமைந்தது ஆந்திரத்தின் கடப்பா மாவட்டத்திலிருந்து வந்த கருநிறக் கல். அது சுண்ணாம்புக் கல் வகை. பூமியில் படுகை படுகையாகக் கிடப்பதால் எளிதில் பலகையாகப் பிளந்துவரும். ஆகவே விலை குறைவு. குறை ஒன்று உண்டு: புளிப்பு அதற்கு ஆகாது. எலுமிச்சைச் சாறும் புளித்தண்ணீரும் காடியும் சிந்திய இடத்தில் சுண்ணாம்பு அரிபட்டு, பளபளப்பு போய் வெளுத்துவிடும். மீன் ஆணத்துக்கு நாள்தோறும் புளி கரைக்கும் அடுக்களையில் இது சிறிய குறை அன்று. ஆயினும் அலமாரித் தட்டுகளுக்கும் பாத்திரம் அடுக்கும் இடத்துக்கும் இன்றும் அதைவிடச் சிக்கனமான கல் அரிது.

கிரானைட் நம் மண்ணின் கல். கிருஷ்ணகிரி, மதுரை வட்டாரங்களின் கற்கள் உலகெங்கும் ஏற்றுமதியாகின்றன. நம்மவர்க்குக் கல்வேலை புதிதன்று. கீழக்கரையின் பழைய ஜும்ஆப் பள்ளி, திராவிடக் கட்டடக்கலைப் பாணியில் கல்லால் எழுந்து இன்றும் நிற்கிறது. ஆனால் உளியால் தூண் செதுக்கலாம். விரற்கடை கனத்தில் அகன்ற பலகை அறுக்க இயலாது. அறுக்கும் இயந்திரமும் மெருகேற்றும் இயந்திரமும் பெருகிய பிறகே, கடந்த நூற்றாண்டின் இறுதியில் கிரானைட் நடுத்தரக் குடும்பத்தின் மேடைக்கு வந்தது. குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் ஆகிய கனிமங்களால் ஆனதால் கத்தி அதைக் கீறுவதில்லை, புளி அரிப்பதில்லை, கொதிக்கும் சட்டியை இறக்கி வைத்தாலும் தாங்கும்.

காஷான் நகரின் கொடை

சுவருக்கு ஓடு பதிக்கும் கலையில் முஸ்லிம் கைவினைஞர்களின் பங்கு பெரிது. ஈரானின் காஷான் நகரம் அதற்குப் புகழ்பெற்றது. பாரசீகத்தில் ஓட்டுக்கு ‘காஷி’ என்று பெயர் வந்ததே அந்நகரால்தான். அவ்வூர்க் குயவர் குடும்பத்தில் பிறந்த அபுல் காசிம் என்பவர் ஹிஜ்ரி 700இல், அதாவது கி.பி. 1301இல், இத்தொழிலின் நுட்பங்களை எழுதி வைத்தார். பத்துப் பங்கு அரைத்த குவார்ட்ஸ், ஒரு பங்கு கண்ணாடித் தூள், ஒரு பங்கு வெண்களிமண் என்பது அவர் தரும் கலவை. சீனப் பீங்கானின் வெண்மையை, அதற்குரிய களிமண் கிடைக்காத நாட்டில் உண்டாக்க முயன்றவர்கள் கண்ட வழி அது. பின்னர் உஸ்மானியரின் இஸ்னிக் நகரத்தாரும் குவார்ட்ஸ் மிகுந்த கலவையையே கையாண்டனர். இஸ்தான்புலின் ருஸ்தம் பாஷா பள்ளிவாசலை நிறைக்கும் நீலமும் சிவப்பும் கலந்த ஓடுகள் அவ்வாறு பிறந்தவை.

மேற்கே மொராக்கோவிலும் அந்தலூசியாவிலும் ‘ஸுலைஜ்’ என்ற ஓட்டுக்கலை வளர்ந்தது. ஸ்பானிய, போர்த்துகீசிய மொழிகளில் ஓட்டைக் குறிக்கும் ‘அஸுலேஹோ’, ‘அஸுலேஜு’ ஆகிய சொற்கள் அந்த அரபுச் சொல்லிலிருந்தே வந்தன. முஸ்லிம் குயவர்கள் கைத்திறன் காட்டிய வாலென்சியப் பகுதியில் அவர்கள் ஆட்சி மறைந்த பின்னும் ஓட்டுத்தொழில் நிலைத்தது. அங்கே 18ஆம் நூற்றாண்டில் சுவர் முழுதும் ஓடு பதித்து அமைத்த ஓர் அடுக்களையை, மாட்ரிட்டின் அலங்காரக் கலை அருங்காட்சியகத்தில் இன்றும் காணலாம். புகைக்கரியும் எண்ணெய்ப் பிசுக்கும் ஒரே துடைப்பில் போய்விடும் சுவர் என்பது அன்றைக்குச் செல்வர் வீட்டுக்கு மட்டுமே வாய்த்த வசதி.

இன்னொரு செய்தி நம்மைச் சிந்திக்க வைத்தது. இஸ்தான்புலின் தோப்காப்பி அரண்மனை அடுக்களைகள் 1574இல் தீப்பிடித்தபோது, அவற்றைச் சீரமைக்கும் பணி தலைமைக் கட்டடக் கலைஞர் சினானிடம் வந்தது. தொலைவிலிருந்தே கண்ணில் படும் குவிமாடங்களும் உயர்ந்த புகைபோக்கிகளும் அந்த அடுக்களைகளின் அடையாளம். வெப்பமும் புகையும் வெளியேறுவதுதான் அடுக்களையின் முதல் தேவை. நாமோ டைல்ஸின் பூவேலைக்கு ஒரு மாதம் செலவிட்டு, புகை போகும் வழியைக் கடைசி நாளில் கொத்தனாரிடம் சொல்கிறோம்.

தீயில் வேகாத ஓடு

காரைக்குடிப் பக்கம் செல்வோர் வாங்கிவரும் ஆத்தங்குடிக் கல் வேறு வகை. அது சூளையில் வேகுவதில்லை. கண்ணாடித் தகட்டின்மேல் அச்சை வைத்து வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றி, அதன்மேல் சிமெண்டும் மணலும் இட்டு அழுத்தி, உலர்த்தி, நாள்கணக்கில் தண்ணீரில் ஊறவைக்கிறார்கள். முகப்புக்கு வழுவழுப்பைத் தருவது கண்ணாடிதான். 1824இல் இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லாண்ட் சிமெண்டுக்கு உரிமம் பெற்றபின், 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் சிமெண்டு ஓடு தோன்றிக் கடல் கடந்து பரவியது. செட்டிநாட்டார் அதைத் தம் ஊர் மணலாலும் வண்ணத்தாலும் தமதாக்கிக்கொண்டனர்.

நடக்க நடக்க மெருகேறும் இந்தக் கல் கூடத்துக்கும் முற்றத்துக்கும் மிகப் பொருந்தும். ஆனால் மேலே கண்ணாடிப் பூச்சு இல்லாததால் நீரை உறிஞ்சும். மஞ்சள் கறை ஏறினால் போகாது. அடுப்புக்குப் பின்சுவருக்கு இது ஏற்றதன்று. அங்கே மெருகுப் பூச்சுள்ள சுவர் டைல்ஸே தகுந்தது. தரைக்கு விட்ரிஃபைடு டைல்ஸ் எடுப்போர், அது நீரை 0.5 விழுக்காட்டுக்கு மேல் உறிஞ்சாத வகையா என்றும், மேற்பரப்பு வழுக்காததா என்றும் கேட்டு வாங்க வேண்டும். ஈரத்தரையில் முதியவர் வழுக்கி விழுந்தால் அந்தப் பளபளப்பு யாருக்கும் பயன்படாது.

பலகையின் மறுபக்கம்

இனி, பிள்ளை விரும்பிய குவார்ட்ஸ் பலகை. இது மலையிலிருந்து அறுத்தெடுத்த கல் அன்று. 90 விழுக்காட்டுக்கும் மேலான குவார்ட்ஸ் தூளை ரெசினில் குழைத்து, அழுத்தி வார்ப்பது. காஷான் குயவர் தீயாலும் கண்ணாடித் தூளாலும் பிணைத்ததை, இன்றைய தொழிற்சாலை பிசினால் பிணைக்கிறது. கறை படிவது குறைவு, நிறம் ஒரே சீராக இருக்கும் என்பவை இதன் நிறைகள். சூடான சட்டியை நேரே வைத்தால் பிசின் கருகிவிடும் என்பது குறை.

நம்மை நிறுத்தியது இவற்றில் எதுவும் இல்லை. இந்தப் பலகையை அறுக்கும்போது எழும் சிலிக்காத் தூள் மிக நுண்ணியது. அதைச் சுவாசிப்பவரின் நுரையீரல் தழும்பேறி இறுகிவிடும். சிலிகோசிஸ் என்னும் அந்நோயைக் குணப்படுத்த மருந்தில்லை. பல நாடுகளில் இளம் வயதுத் தொழிலாளர்கள் இதற்கு ஆளாகினர். ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இந்தப் பலகையின் உற்பத்தி, விற்பனை, பொருத்தல் அனைத்தையும் தடை செய்துவிட்டது. வீட்டில் பொருத்தப்பட்ட பலகையால் சமைப்பவருக்குத் தீங்கில்லை. தீங்கு முழுவதும் அதை அறுத்துத் தந்தவருக்கே.

கிரானைட்டிலும் சிலிக்கா உண்டு. ஆனால் பொதுவாகப் பாதிக்கும் குறைவு. ஆகவே எந்தக் கல்லை எடுத்தாலும் அறுக்கும் முறை முதன்மையானது. தண்ணீர் விட்டு அறுத்தால் தூள் பறப்பது வெகுவாகக் குறையும். நம் வீட்டு வாசலில் துண்டால் மூக்கை மூடிக்கொண்டு வெண்புகைக்கு நடுவே கல்லறுக்கும் இளைஞரைப் பார்த்தும் பாராமல் கடந்திருக்கிறோம். அவருடைய மூச்சும் அந்த ஒரு நாள் நம் பொறுப்பில் உள்ள அமானிதம் அல்லவா?

நிறைவாக, நம் வீட்டில் எடுத்த முடிவு இது: மேடைக்கு உள்ளூர்க் கருப்புக் கிரானைட். அலமாரித் தட்டுகளுக்குக் கழற்றிய பழைய கடப்பாக் கல்லையே மெருகேற்றிப் பயன்படுத்துவது. அடுப்புக்குப் பின்சுவருக்கு வெளிர்நிற டைல்ஸ். தரைக்கு வழுக்காத வகை. மேடையின் உயரத்தை, அங்கே நிற்பவரின் முழங்கையை அளந்து வைப்பது. புகை வெளியேற வழி, டைல்ஸுக்கு முன்பே. கல்லறுப்பவரிடம் தண்ணீர் விட்டு அறுக்கச் சொல்லிக் குழாயை நாமே இழுத்துக் கொடுப்பது. முறையான முகக்கவசத்துக்கும், அதனால் கூடும் அரைநாள் கூலிக்கும் முன்கூட்டியே பணம் ஒதுக்குவது.

பிள்ளைக்குச் சற்று வருத்தம்தான். ஆனால் காரணத்தைச் சொன்னபோது, கல் அறுக்கும் நாளில் தானே உடனிருப்பதாகச் சொல்லியிருக்கிறார். இன்ஷா அல்லாஹ், அடுத்த வாரம் வேலை தொடங்குகிறது.