இலக்கத் தகட்டில் தெரியாத வாடகை: இணுவிலில் ஹயர் தொழிலும் தானே ஓட்டும் பயணியும்

2025 ஆகஸ்ட் 3 ஆம் திகதி கட்டுநாயக்க விமான நிலையத்தில் மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்களம் புதிய கருமபீடம் ஒன்றைத் திறந்தது. வெளிநாட்டிலிருந்து வருபவர் தம் நாட்டு அனுமதிப்பத்திரத்தைக் காட்டித் தற்காலிகச் சாரதி அனுமதியை அங்கேயே பெற்றுக்கொள்ளலாம். அதுவரை அவர் திணைக்களத்தின் வேரஹெர அலுவலகத்துக்கு அலையவேண்டியிருந்தது. சர்வதேச அனுமதிப்பத்திரம் வைத்திருந்தால் கொழும்பிலுள்ள மோட்டார் வாகனச் சங்கத்தின் ஏற்பு முத்திரையைப் பெறவேண்டியிருந்தது. சுற்றுலாச் சாரதிகளின் தரப்பிலிருந்து உடனே எதிர்ப்பு எழுந்தது. எங்கள் பிழைப்புப் போகிறது என்றார்கள். வீதி தெரியாதவர் கையில் வாகனத்தைக் கொடுத்தால் உயிர் போகும் என்றும் சொன்னார்கள்.

இவ்வாதங்களைச் சாரதி ஒரு பக்கம், பயணி மறுபக்கம் என்று நிறுத்திப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. என் கருத்தில், பிணக்கின் வேர் மூன்றாமவரிடம் இருக்கிறது. அவர் வாகனத்தை வாடகைக்குக் கொடுப்பவர். ஓட்டுபவருக்கு அனுமதி கொடுப்பதை அரசு இலகுவாக்கியது. கொடுப்பவரை அடையாளம் காணும் ஏற்பாட்டை அது தொடவே இல்லை. விமான நிலையத்திலிருந்து ஏறத்தாழ 400 கி.மீ. தள்ளி, காங்கேசன்துறை வீதியில் கோண்டாவிலுக்கும் சுன்னாகத்துக்கும் இடையில் இருக்கும் இணுவிலிலிருந்து பார்த்தால் இந்த இடைவெளி நன்றாகத் தெரிகிறது.

இணுவிலுக்கு வரும் பயணி கண்டியிலோ எல்லவிலோ நாம் காணும் பயணி அல்ல. அவர் பெரும்பாலும் இணுவிலாரே. சூரிச்சிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ பாரிசிலிருந்தோ பிள்ளைகளோடு, நல்லூர்க் கந்தனின் இருபத்தைந்து நாள் திருவிழாவை ஒட்டி வருகிறார். ஊர்க் கோயில் மஞ்சம் வீதிவலம் வரும் நாளுக்கென்றும் வருகிறார். ஒரு மாதத்துக்குள் கலியாணவீடு, அந்தியேட்டி, காணி உறுதி அலுவல், நயினாதீவு, கீரிமலை எல்லாவற்றையும் முடிக்கவேண்டும். முன்பு இதற்கு ஊர் வான்காரரைப் பிடிப்பார். இன்று காரை வாடகைக்கு எடுத்துத் தானே ஓட்ட விரும்புகிறார். விமான நிலையக் கருமபீடம் இவரை நினைத்துத் திறக்கப்பட்டதல்ல. ஆயினும் அதனால் நல்ல பயன் பெறுவோரில் இவரும் ஒருவர்.

பாதுகாப்பு வாதத்தைத் தொழில்காரரின் சாட்டு என்று ஒதுக்குவது எளிது. அதில் உண்மை இருக்கிறது. பிரித்தானியாவும் ஆஸ்திரேலியாவும் நம்மைப் போல் இடப்பக்கம் ஓட்டுபவை. சுவிஸ், ஜேர்மனி, பிரான்ஸ், கனடா வலப்பக்கம். முப்பது வருடம் வலப்பக்கம் ஓட்டிய கை, அவசரத்தில் வலப்பக்கமே இழுக்கும். காங்கேசன்துறை வீதிக்குச் சமாந்தரமாக ரயில் பாதை போகிறது. 1990 இல் போரால் நின்ற யாழ்தேவி ரயில் 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வரையும் 2015 ஜனவரியில் காங்கேசன்துறை வரையும் மீண்டது. இடைப்பட்ட கால் நூற்றாண்டில் தண்டவாளமே இல்லாத ஊராக இதை அறிந்து புறப்பட்டவர்தான் இன்று ஸ்டியரிங்கைப் பிடிக்கிறார். மதிலுக்கு மதில் ஒட்டிய ஒழுங்கையிலிருந்து மோட்டார் சைக்கிள் ஹோர்ன் அடிக்காமல் வீதிக்கு ஏறும் என்பதும் இங்கே ஓடிப் பழகியவருக்கே தெரியும். எனினும் இதே வாதம் புதிதாக அனுமதிப்பத்திரம் எடுத்த உள்ளூர் இளைஞருக்கும் பொருந்தும். அவருக்கு எதிராக எந்தச் சங்கமும் குரல் கொடுத்ததில்லை. ஆகவே பாதுகாப்பு இங்கே உண்மையான காரணம். ஆனால் முதற் காரணம் அன்று.

முதற் காரணத்தை விளங்கத் தொழிலின் வரலாற்றைப் பார்க்கவேண்டும். சாரதியோடு வாகனம் விடும் யாழ்ப்பாணத்து ஹயர் தொழில் ஒஸ்ரின் ஏ40, கேம்பிரிட்ஜ், மொறிஸ் ஒக்ஸ்போர்ட் கார்களில் வளர்ந்தது. தொண்ணூறுகளின் எரிபொருள் தடைக்காலத்தில் இக்கார்களைச் சொட்டுப் பெற்றோல் விட்டு உசுப்பி, மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். பிள்ளைப்பேற்றுக்கு மக்லியோட் மருத்துவமனைக்கும், ஷெல் பட்டவரைப் பெரியாஸ்பத்திரிக்கும் கொண்டுபோனவை அவை. இன்னொருவர் செய்ய முன்வராத வேலையை அந்நாளில் செய்தோம் என்ற நினைவு பழைய தரிப்பிடங்களில் இன்னும் உயிரோடு இருக்கிறது. தரிப்பிடத்தில் ஒருவர் வைத்திருக்கும் இடம் காணி உறுதியில் எழுதப்படாதது; ஆனால் வருடக்கணக்காகக் காத்திருந்து சம்பாதித்தது. பொருளியலார் இதை ஏகபோக வாடகை என்பார்கள். அப்படிச் சொல்வது சரியே, ஆனால் அந்த உரிமையை வாங்கக் கொடுத்த விலையை அது கணக்கில் எடுக்கவில்லை.

2009 க்குப் பிறகு லீசிங் நிறுவனங்கள் வடக்கில் வரிசையாகக் கிளை திறந்தன. ஓட்டோ ஓடுபவருள் பலர் தவணை கட்டுபவர் ஆனார்கள். ஓட்டம் இல்லாத நாளிலும் தவணை ஓடும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு அது 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. இடையில் பழைய வாகனத்தின் விலை மடங்காக ஏறியது. 2022 இன் எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் பங்கீட்டு முறை வந்தபோது ஓட்டோவுக்கு வாரத்துக்கு 5 லீற்றர் பெற்றோல். அதே ஆண்டின் பிற்பகுதியில் சுற்றுலாப் பயணிகளுக்கெனத் தனியே எரிபொருள் அட்டை அறிமுகமானது. அந்நியச் செலாவணி தேவைப்பட்ட அரசுக்கு அது நியாயமான முடிவு. ஐந்து லீற்றரோடு மூன்று நாள் வீட்டில் இருந்தவருக்கோ அது வேறு செய்தியைச் சொன்னது. கட்டுநாயக்கக் கருமபீடத்தை அவர் அந்த அட்டையின் தொடர்ச்சியாகப் படிப்பதில் வியப்பில்லை.

மற்ற இடங்களில் சங்கங்கள் எப்படி வென்றன? இந்தியாவின் லடாக்கை எடுப்போம். லே நகரின் டாக்சி சங்கத்தாரும் பைக் வாடகைக்காரரும், வெளியில் வாடகைக்கு எடுத்துவந்த வாகனங்கள் லேயைத் தாண்டி பாங்கொங், நூப்ரா போன்ற இடங்களுக்குச் செல்வதைத் தடுத்துவருகிறார்கள். வெளி வாகனத்தில் வந்தவர் லேயில் இறங்கி, உள்ளூர் வாகனத்துக்கு மாறவேண்டும். சட்டத்தின் பலத்தைவிட நிலத்தின் அமைப்பே அங்கே சங்கத்துக்குத் துணை. நூப்ராவுக்குக் கர்துங் லா, பாங்கொங்குக்குச் சாங் லா என்று கணவாய்வழிப் பாதைகள் சில, வழியில் சோதனைச்சாவடி. நாலு பேர் நின்றால் பாதை அடைபடும். இணுவிலில் இது நடக்காது. வலிகாமத்தின் வீதிகளும் ஒழுங்கைகளும் சிலந்திவலையாய்ப் பின்னிக் கிடப்பவை. ஒன்றை மறித்தால் ஆறு வழி உண்டு. அதைவிட முக்கியம், மறிக்கப்படுபவர் மறிப்பவரின் ஒன்றுவிட்ட சகோதரனாக இருப்பார். கொடி பிடிக்க முடியாத இடத்தில் மோதல் முணுமுணுப்பாகவே நடக்கிறது: கோயில் வாசலில் முகம் திருப்புவது, அடுத்த முறை விமான நிலையத்துக்கு வான் கேட்டால் "இல்லை, வேற ஹயர் இருக்கு" என்பது.

கோவாவின் அனுபவம் நமக்குக் கூடுதலாக உதவும். அங்கே டாக்சிச் சங்கங்கள் 2018 இலிருந்து கோவாமைல்ஸ் டாக்சிச் செயலிக்கு எதிராகப் பலமுறை வேலைநிறுத்தம் செய்தன. அச்செய்திகளை எல்லோரும் அறிவோம். கவனம் பெறாத ஒன்று இலக்கத் தகடு. இந்தியாவில் தானே ஓட்டும் வாடகைக் காருக்குக் கறுப்புத் தகட்டில் மஞ்சள் எழுத்து. 1989 ஆம் ஆண்டின் வாடகைக் கார்த் திட்டம் உரிமம் பெற்ற நிறுவனம் ஒன்றையும், குறைந்தது 50 வாகனங்களையும் கோருகிறது. இதனால் வீதியில் போகும் கார் எவ்வகையைச் சேர்ந்தது என்பது பொலிஸுக்கும் டாக்சிக்காரருக்கும் ஒரே பார்வையில் தெரியும். கோவாவிலும் வெள்ளைத் தகட்டுத் தனியார் கார்கள் களவாய் வாடகைக்கு ஓடுகின்றன என்பது உண்மை. ஆனால் அது களவு என்று சொல்ல அங்கே ஒரு அளவுகோல் இருக்கிறது. இலங்கையில் ஹயர் கார், வாடகைக் கார், சொந்தக் கார் எல்லாவற்றுக்கும் ஒரே நிறத் தகடுதான்.

இணுவிலில் ஒரு கார் எப்படிக் கைமாறுகிறது என்று பார்த்தால் இதன் விளைவு புரியும். விறாந்தையில் தேநீர் குடித்தபடி பேச்சு நடக்கும். கீறல்களைக் கைபேசியில் படம் எடுப்பார்கள். பெற்றோல் முள் நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்வார்கள். கடவுச்சீட்டின் பிரதி சில வேளை கேட்கப்படும். ஒப்பந்தம் எழுதுவது மரியாதைக் குறைவு. காசு இங்கேயே கைமாறவேண்டும் என்றுமில்லை. உரிமையாளரின் தம்பிக்குச் சுவிஸிலேயே பிராங்கில் கொடுபட்டுவிடலாம். வழியில் பொலிஸ் மறித்தால் "மச்சான்ர கார்" என்பதே பதில். பல வேளை அது பொய்யும் அல்ல.

ஆனால் காப்புறுதி மச்சானை அறியாது. சொந்தப் பாவனை, ஹயர், வாடகை என்று காப்புறுதி வகைகள் வேறு, கட்டணமும் வேறு. சொந்தப் பாவனைக்கெனக் காப்புறுதி செய்த காரை வாடகைக்குக் கொடுத்து விபத்து நேர்ந்தால், நட்டஈட்டை மறுக்க நிறுவனத்துக்கு இடம் உண்டு. ஹயர் வான்காரர் கூடிய கட்டணம் கட்டுகிறார். அருகில் நிற்கும் கார் அதைக் கட்டாமல் அதே பயணியை ஏற்றுகிறது. சாரதிகள் கோபத்தில் மூட்டைகட்டிச் சொல்லும் பல முறைப்பாடுகளில் இதுவே நீதிமன்றத்திலும் நிற்கக்கூடியது. வினோதம் என்னவென்றால், அவர்கள் அதிகம் பேசாததும் இதைத்தான். பேசினால் தங்களுள் சிலரின் காப்புறுதிப் பத்திரமும் மேசைக்கு வரும்.

ஹயர்காரரின் பக்கத்துக் குறைகளையும் சொல்லாமல் விட்டால் இது வக்காலத்து ஆகிவிடும். வெளிநாட்டிலிருந்து வந்தவரின் உடுப்பைப் பார்த்துக் கூலி சொல்வது, மீற்றர் பூட்டத் தயங்குவது, செயலி மூலம் வரும் வாகனத்தைத் தரிப்பிடத்துக்குள் விடாமல் வாய்த்தர்க்கம் பண்ணுவது ஆகியவை எல்லவிலும் மிரிஸ்ஸவிலும் மட்டும் நடப்பவை அல்ல. தானே ஓட்டுவோம் என்ற முடிவுக்குப் பலரைத் தள்ளியது அந்த முதல் நாள் பேரம்தான். நாள் கூலியும், சாரதியின் சாப்பாடும், காத்திருப்புக் காசும் முன்கூட்டியே எழுத்தில் தெரிந்திருந்தால், மூன்று பிள்ளைகளோடு வந்த ஒருவர் யாழ்ப்பாண வெயிலில் ஸ்டியரிங் பிடிக்க ஆசைப்படுவாரா என்பது சந்தேகமே. லே சங்கம் நிர்வாகத்தின் ஒப்புதலோடு இடவாரியாகக் கட்டணப் பட்டியல் வெளியிடுகிறது. மறியலைவிட அந்தப் பட்டியலே நாம் கற்றுக்கொள்ளவேண்டியது.

எனவே தற்காலிக அனுமதியை நிறுத்தச் சொல்லும் கோரிக்கை குறி தவறியது. கேட்கவேண்டியது மூன்றாமவரின் பதிவு: வாடகைக்கு விடும் வாகனத்துக்குத் தனி நிறத் தகடு, வாடகை வகைக் காப்புறுதி, கையளிப்பின்போது கையெழுத்திட்ட ஒரு தாள். ஐம்பது வாகனம் என்ற இந்திய நிபந்தனை இங்கே வேண்டாம். அது கொழும்பின் பெரிய நிறுவனங்களுக்கே வாசலைத் திறக்கும். ஒரே காரை வைத்திருக்கும் இணுவில் வீட்டுக்காரரும் பிரதேச செயலகத்தில் இலகுவாகப் பதியக்கூடியதாக இருக்கவேண்டும். இதை முதலில் எதிர்க்கப்போவது சங்கமோ பயணியோ அல்ல. வருடத்தில் இரண்டு மாதம் காரை வாடகைக்கு விட்டு, மீதிப் பத்து மாதமும் அதைச் சொந்தக் கார் என்று சொல்லிக்கொள்ளும் வீடுகள்தான் எதிர்க்கும். அவற்றுக்குச் சங்கம் கிடையாது, கூட்டத்துக்கு வருவதுமில்லை; அவற்றோடு பேசத் திணைக்களம் இன்னும் ஒரு கருமபீடம் திறக்கவில்லை.