பெயர் மாறிய துப்பாக்கி, மாறாத மேகசின்

1989 ஜனவரியில் அமெரிக்காவின் ஸ்டாக்டன் நகரப் பள்ளியில் ஒருவன் ஏகே ரகத் துப்பாக்கியால் சுட்டு 5 குழந்தைகளைக் கொன்றான். அதே ஆண்டு மூத்த புஷ் அரசு அத்தகைய துப்பாக்கிகளின் இறக்குமதியைத் தடை செய்தது. 'விளையாட்டு' ரகங்களுக்கு மட்டும் அனுமதி.

வியாபாரிகள் சும்மா இருப்பார்களா? கைப்பிடியை மாற்றினார்கள், கத்தி மாட்டும் இடத்தை நீக்கினார்கள். 'விளையாட்டுத் துப்பாக்கி' தயார்! ஆனால் பலவற்றில் ராணுவ மேகசின் அப்படியே பொருந்தியது.

1994-ல் 10 தோட்டாக்களுக்கு மேல் கொள்ளும் புதிய மேகசின்களுக்குத் தடை வந்தது. பழையவற்றை விற்கலாம் என்றதால் அவற்றின் விலை எகிறியது.

1998-ல்தான் கிளின்டன் அரசு மேகசினையே அளவுகோலாக்கி, 50-க்கும் மேற்பட்ட ரகங்களின் இறக்குமதியை நிறுத்தியது. வெளித்தோற்றத்தைத் தாண்டிப் பார்க்க 9 வருடங்கள் ஆயின. 1994 சட்டமோ 2004-ல் காலாவதியானது.