ஈத்தர் கற்றுத்தந்த பாடம்: எரிவது திரவம் அல்ல, ஆவி



இலையில் மாவுச்சத்து இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை உங்களுக்குத் தெரிந்ததுதான். இலையைக் கொதிநீரில் போட்டு, பிறகு எத்தனாலில் சூடாக்கிப் பச்சையத்தை நீக்குகிறோம். "எத்தனாலை ஏன் நேரடியாகச் சூடாக்கக் கூடாது?" என்று தேர்வில் கேட்டால், "எத்தனால் எளிதில் தீப்பற்றும்" என்று எல்லாரும் எழுதிவிடுவார்கள். மதிப்பெண்ணும் கிடைத்துவிடும்.

ஆனால் ஆய்வுக்கூடத்தில் அதே மாணவர், "அடுப்பு அந்த மேசையிலதானே இருக்கு டீச்சர், இங்க ஊத்தினா என்ன?" என்று கேட்பார். விடை மனப்பாடமாகிவிட்டது, பொருள் இன்னும் பிடிபடவில்லை. இந்தக் கேள்விக்குச் சரியான பதில் கிடைக்க மனிதர்களுக்குப் பல நூறு ஆண்டுகள் பிடித்தன. எத்தனாலின் நெருங்கிய உறவான ஈத்தரின் வரலாறு அந்தப் பதிலை நமக்குச் சொல்லும். வாங்க, பார்ப்போம்.

பெயரிலேயே நெருப்பு

1540-ஆம் ஆண்டில் வலேரியஸ் கார்டஸ் என்ற ஜெர்மானியர், சாராயத்தையும் கந்தக அமிலத்தையும் சேர்த்துக் காய்ச்சி ஒரு புதிய திரவத்தை எடுத்தார். அக்காலத்தில் கந்தக அமிலத்துக்கு 'விட்ரியால் எண்ணெய்' என்று பெயர். அதனால் புதிய திரவத்தை 'இனிய விட்ரியால் எண்ணெய்' என்றார்கள். 1730 வாக்கில் ஃபுரோபீனியஸ் என்பவர் அதற்கு 'ஈத்தர்' என்ற பெயரைக் கொடுத்தார். கிரேக்க மொழியில் அது வானத்தின் உச்சியில் உள்ள தூய காற்றைக் குறிக்கும் சொல். எரிதல், ஒளிர்தல் என்ற பொருளுடைய வேரிலிருந்து பிறந்தது. தட்டில் ஊற்றினால் கண்முன்னே காற்றாகிப் போகும் திரவத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்குமா?

அறுவைக்கூடத்தில் ஈத்தர்

நீண்ட காலம் மருந்துக்கடைச் சரக்காக இருந்த ஈத்தரை உலகப் புகழுக்குக் கொண்டுவந்தது வலி. 1846 அக்டோபர் 16 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில், வில்லியம் மார்ட்டன் என்ற பல்மருத்துவர் ஒரு நோயாளியை ஈத்தர் ஆவியை முகரவைத்து மயக்கினார். ஜான் காலின்ஸ் வாரன் அவருடைய கழுத்துக் கட்டிக்கு அறுவை செய்தார். ஜார்ஜியா மாநிலத்தில் கிராஃபோர்ட் லாங் என்ற மருத்துவர் 1842-லேயே இதைச் செய்திருந்தார். ஆனால் 1849 வரை அவர் அதை வெளியிடவில்லை. அதே 1846 டிசம்பரில் லண்டனில் ராபர்ட் லிஸ்டன் ஈத்தர் கொடுத்து ஒரு நோயாளியின் காலை அகற்றினார்.

வலி போனது, ஆபத்து வந்தது. அன்றைய வெளிச்சம் மெழுகுவர்த்தி, எண்ணெய் விளக்கு, எரிவாயு விளக்கு. குருதியை நிறுத்தப் பழுக்கக் காய்ச்சிய இரும்பு. இவற்றுக்கு நடுவில் ஈத்தர் ஆவி! 1847 நவம்பரில் எடின்பரோவில் ஜேம்ஸ் யங் சிம்ப்சன் குளோரோஃபார்மைக் கொண்டுவந்தபோது அதற்கு வரவேற்பு கிடைக்கப் பல காரணங்கள். எளிதில் தீப்பற்றாது என்பதும் ஒன்று. ஆனால் 1848 ஜனவரியிலேயே இங்கிலாந்தில் 15 வயதுப் பெண் ஒருத்தி குளோரோஃபார்ம் மயக்கத்தில் இறந்துபோனாள். தீப்பற்றாத பொருள் என்றாலே ஆபத்தில்லாத பொருள் என்று ஆகிவிடாது.

ஆகவே ஈத்தரும் தொடர்ந்தது. இருபதாம் நூற்றாண்டில் மின்கருவிகள் அறுவைக்கூடத்துக்குள் வந்ததும் ஒரு சிறு மின்பொறியே போதும் என்ற நிலை. எனவே தரையையும் காலணிகளையும் நிலைமின்சாரம் சேராத பொருளால் செய்தார்கள். மின் இணைப்புகளைத் தரையிலிருந்து உயரத்தில் வைத்தார்கள். ஏன் உயரத்தில்? ஈத்தர் ஆவி காற்றைப்போல் ஏறக்குறைய 2.6 மடங்கு கனமானது. மேலே போகாமல் தரையோடு தரையாகத் தண்ணீர்போல் பரவும். 1951-இல் சார்லஸ் சக்லிங் உருவாக்கி, 1956-இல் மருத்துவப் பயன்பாட்டுக்கு வந்த தீப்பற்றாத ஹாலோதேன்தான் பல நாடுகளில் ஈத்தரை அறுவைக்கூடத்திலிருந்து வெளியே அனுப்பியது.

மெழுகுவர்த்தியும் மண்ணெண்ணெயும்

திரவம் எரிவதில்லை, அதன் ஆவிதான் எரிகிறது என்பதைச் சிறுவர்களுக்கும் புரியும்படி காட்டியவர் மைக்கேல் ஃபாரடே. 1860-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் காலத்தில் லண்டனில் மெழுகுவர்த்தியைப் பற்றிப் பேசியபோது, சுடரின் நடுவிலிருந்து கண்ணாடிக் குழாய் வழியே ஆவியை வெளியே இழுத்து, குழாயின் மறுமுனையில் கொளுத்திக் காட்டினார். அணைத்த மெழுகுவர்த்தியிலிருந்து எழும் ஆவிக்கோட்டில் தீக்குச்சியைக் காட்டினால், திரியைத் தொடாமலே நெருப்பு தாவி வந்து பற்றிக்கொள்ளும் என்பதையும் காட்டினார். அடுப்பு அந்த மேசையில் இருந்தால் என்ன என்று கேட்ட மாணவருக்கு இதுதான் முதல் பதில்.

அடுத்த கேள்வி: எந்த வெப்பநிலையில் போதிய ஆவி வரும்? வீட்டு விளக்குகளுக்கு மண்ணெண்ணெய் வந்த காலத்தில் இது உயிர்ப் பிரச்சினையானது. பிரிட்டனில் ஃபிரடெரிக் ஏபல் மூடிய கிண்ணச் சோதனையை உருவாக்கினார். எண்ணெயை மெல்லச் சூடாக்கிக்கொண்டே சிறு சுடரைக் காட்ட வேண்டும். ஆவி 'பக்'கென்று பளிச்சிடும் வெப்பநிலையைக் குறிக்க வேண்டும். இதுவே தீப்பற்று வெப்பநிலை. 1879-ஆம் ஆண்டுப் பெட்ரோலியச் சட்டம் இந்தச் சோதனையை ஏற்று 73 ஃபாரன்ஹைட், அதாவது ஏறக்குறைய 23 செல்சியஸை எல்லையாக வைத்தது.

நம் பக்கத்திலும் இந்தக் கதை நடந்திருக்கிறது. 1891 வாக்கில் சிங்கப்பூரில் மண்ணெண்ணெயைப் பெரிய தொட்டிகளில் சேமிக்க இடம் தேடினார்கள். ஊருக்கு அருகில் வைத்தால் தீ ஆபத்து என்று அரசு தயங்கியது. கடைசியில் தெற்கே கடலுக்குள் இருக்கும் புக்கோம் தீவு தேர்வானது. தூரத்தையே பாதுகாப்பாக வைத்தார்கள்.

நம் ஆய்வுக்கூடத்தின் கணக்கு

இப்போது எண்களைப் பாருங்கள். தீப்பற்று வெப்பநிலை ஈத்தருக்கு ஏறக்குறைய -45 செல்சியஸ், மெத்தனாலுக்கு 11, எத்தனாலுக்கு 13. நம் ஆய்வுக்கூடத்தின் வெப்பம் 30. அப்படின்னா, நம் ஊரில் எத்தனால் புட்டியைத் திறந்த அந்த நொடியே தீப்பற்றும் ஆவி தயார். சூடாக்கவே தேவையில்லை. ஈத்தர் கொதிப்பதோ 34.6 செல்சியஸில், நம் உச்சிவெயில் அதைத் தொட்டுவிடும். 160 முதல் 180 செல்சியஸ் வரை சூடான பரப்பில் பட்டாலே ஈத்தர் ஆவி தானாகத் தீப்பிடிக்கும். சுடரே வேண்டாம், சூடான மின்தட்டு போதும்.

இது பழங்கதை என்று நினைக்காதீர்கள். 2014 செப்டம்பரில் அமெரிக்காவின் ரினோ நகர அருங்காட்சியகம் ஒன்றில், குழந்தைகள் முன் நடந்த மெத்தனால் செய்முறையில் 13 பேர் காயமடைந்தனர். சுடர் அணைந்துவிட்டது என்று எண்ணிப் பெரிய புட்டியிலிருந்து மேலும் மெத்தனால் ஊற்றினார்கள். ஆவி வழியே நெருப்பு புட்டிக்குள் தாவியது. அதே மாதம் டென்வரில் ஒரு பள்ளியிலும் மெத்தனால் தீயில் மாணவர்கள் காயமடைந்தனர். செய்து காட்டியவர்களுக்கு மெத்தனால் எரியும் என்று தெரியாமலா இருந்தது? ஆவி எங்கே இருக்கிறது என்பதைத்தான் மறந்துவிட்டார்கள்.

விதியும் காரணமும்

ஆசிரியர்கள் விதியை மட்டும் சொல்லாமல் காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

1. தண்ணீரைக் கொதிக்கவைத்து, அடுப்பை அணைத்த பிறகே எத்தனாலை எடுக்க வேண்டும். எத்தனால் ஆவியும் காற்றைவிடக் கனமானது. மேசை மீது பரவிப் பக்கத்துக் குழுவின் சுடரையும் எட்டும். ஆகவே வகுப்பில் எல்லா அடுப்பும் அணைந்திருக்க வேண்டும்.

2. பெரிய புட்டியை மேசைக்குக் கொண்டுவராதீர்கள். தேவையான அளவைச் சிறு கலத்தில் கொடுங்கள். தீப்பற்றினாலும் எரிய அவ்வளவுதான் இருக்கும்.

3. சன்னல்களைத் திறந்து வையுங்கள். ஃபியூம் கப்போர்டு இருந்தால் பயன்படுத்துங்கள். ஆவி சேராவிட்டால் தீயும் இல்லை.

4. ஈத்தரைச் சாதாரண வீட்டுக் குளிர்பெட்டியில் வைக்கக் கூடாது. உள்ளே ஆவி சேரும். குளிர்பெட்டியின் மின்விசையில் பொறி எழும்.

5. பழைய ஈத்தர் புட்டியைத் திறக்கவே கூடாது. காற்றும் ஒளியும் பட்டு அதில் பெராக்சைடு உண்டாகியிருக்கலாம். அது அதிர்ச்சியிலும் வெப்பத்திலும் வெடிக்கும். அதனால்தான் நிறமேற்றிய புட்டியும், திறந்த தேதி எழுதிய சீட்டும். சந்தேகம் வந்தால் தொடாமல் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள்.

6. கலத்தில் சிறு தீ எழுந்தால் கலத்தைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். ஈரத்துணியாலோ தட்டாலோ மூடினால் காற்று இல்லாமல் அணையும்.

மாணவர்களே, இனி அந்தத் தேர்வு விடையைக் கொஞ்சம் நீட்டி எழுதுங்கள்: "எத்தனாலின் ஆவி அறை வெப்பநிலையிலேயே தீப்பற்றும், அது காற்றைவிடக் கனமானதால் பரவித் தொலைவில் உள்ள சுடரையும் அடையும். எனவே அடுப்பை அணைத்து, சுடுநீரில் வைத்தே அதைச் சூடாக்க வேண்டும்." அப்படி எழுதியவர் ஆய்வுக்கூடத்துக்குள் வந்ததும் முதலில் அடுத்த மேசையின் அடுப்பைத் திரும்பிப் பார்ப்பார். நமக்கு வேண்டியது அதுதான்.