வேன் சுவருக்குள் ஒரு நூற்றாண்டு

ஒரு இரும்புத் தகடு. தடிமன் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். அதற்கு அந்தப் பக்கம் ஜனவரி மாத ஜெர்மனி, இந்தப் பக்கம் தூங்கும் ஒரு குடும்பம். பழைய கேம்பர் வேன் என்பது அடிப்படையில் இவ்வளவுதான். அந்தத் தகட்டுக்கும் உள்ளே இருக்கும் மரப்பலகைக்கும் நடுவில் என்ன வைத்தார்கள், நாற்பது வருஷத்தில் அது என்ன ஆகிறது, அதை எடுத்துவிட்டுப் புதிதாக வைக்கும்போது எதைக் கவனிக்கணும் என்பதுதான் இந்தக் குறிப்பு.

நான் இதற்குள் இறங்கக் காரணம் ஒரு போட்டோ. என்னோடு ஒரே புராஜெக்டில் இருக்கும் ஜெர்மன் நண்பர் ஒருவர் 1981-ஆம் வருஷத்து ஃபோக்ஸ்வாகன் டி3 வெஸ்ட்ஃபாலியா வண்டி வைத்திருக்கிறார். பக்கவாட்டுப் பலகையைக் கழற்றினால் உள்ளே அழுக்கு மஞ்சளில் பஞ்சு. அதைப் படம் எடுத்து அனுப்பி, "இது ஆஸ்பெஸ்டாஸா? குழந்தைக்கு ரெண்டு வயசு, உள்ளேதான் தூங்க வைப்போம்" என்று கேட்டார். பதில் சொல்ல வேண்டுமென்றால் அந்த வண்டிக்குள் என்னென்ன பொருள் எந்தக் காலத்தில் வந்தது என்று தெரிய வேண்டும். அப்படிச் சேர்த்தவைதான் கீழே இருப்பவை.

சரக்கு வண்டி வீடான கதை

1947 ஏப்ரல் 23 அன்று, பென் பான் என்ற டச்சு கார் இறக்குமதியாளர் தன் நோட்டில் ஒரு பெட்டி வண்டியைக் கிறுக்கினார். பின்னால் எஞ்சின், முன்னால் டிரைவர், நடுவில் சரக்கு. 1950 மார்ச்சில் வொல்ஃப்ஸ்பர்க் ஆலையில் அதன் உற்பத்தி தொடங்கியது. 1956-இல் ஹனோவருக்கு மாறியது. வீடடென்பர்க் என்று நம் நாக்கில் சிக்கும் வீடன்ப்ரூக் ஊரில் இருந்த வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் 1844-இல் தொடங்கியது. குதிரை வண்டி செய்து வளர்ந்தவர்கள். 1951-இல் அவர்கள் இந்த வேனுக்குள் வைத்து எடுக்கக்கூடிய மரச்சாமான் தொகுப்பு ஒன்றைக் கொண்டுவந்தார்கள். வாரநாளில் சரக்கு வண்டி, விடுமுறையில் வீடு.

இதில் ஒன்றைக் கவனிங்க. வீடாக யோசித்துச் செய்த வண்டி இல்லை இது. எஃகு வெப்பத்தைக் கடத்தும் திறன், கண்ணாடிப் பஞ்சை விட ஆயிரம் மடங்குக்கும் மேல். வெயிலில் நின்றால் அடுப்பு, பனியில் நின்றால் ஐஸ் பெட்டி. பின்பக்கம் படுக்கை போடும் இடத்துக்கு நேர் கீழேதான் எஞ்சின். சூடும் சத்தமும் படுக்கைக்கு அடியிலிருந்தே வரும்.

காற்றால் குளிரும் எஞ்சின் என்பதால் குளிர்காலக் கஷ்டம் இன்னும் கூடுதல். ரேடியேட்டர் கிடையாது, சுடுதண்ணீர் கிடையாது. புகைக்குழாயைச் சுற்றிக் காற்றை ஓடவிட்டுச் சூடாக்கி, அதை நீளமான குழாய் வழியே முன்பக்கம் அனுப்புவார்கள். வந்து சேர்வதற்குள் பாதிச் சூடு ரோட்டுக்குப் போய்விடும். ஆக, கிடைக்கிற கொஞ்சம் சூட்டையும் உள்ளேயே பிடித்து வைப்பதுதான் வழி.

உதிரும் ஸ்பாஞ்சு

பழைய வண்டியில் முதலில் கெட்டுப்போவது ஸ்பாஞ்சுதான். டி3-இல் எஞ்சினுக்கு மேல் ஒரு மூடி உண்டு. சத்தத்தைக் குறைக்க அதன் அடிப்பக்கம் ஃபோம் ஒட்டியிருக்கும். இன்று அதைத் தொட்டால் கேக் மாதிரி உதிர்கிறது.

இந்த ஃபோமின் கதை 1937-இல் தொடங்குகிறது. லெவர்குசனில் ஓட்டோ பேயர் குழுவினர் பாலியூரிதேன் வேதியியலைக் கண்டுபிடித்தார்கள். போருக்குப் பிறகு 1950-களில் அது மெத்தை, சோபா, கார் என்று எல்லா இடத்துக்கும் பரவியது. அதற்கு முன்னால் ஃபோக்ஸ்வாகன் இருக்கைகளுக்குள் இருந்தது தேங்காய் நாரையும் குதிரை முடியையும் ரப்பர் பாலில் ஒட்டிச் செய்த திண்டு.

பாலியூரிதேனில் இரண்டு ஜாதி. பாலியெஸ்டர் வகை வலுவானது, எண்ணெய்க்கு அசையாது. ஆனால் காற்றில் இருக்கும் ஈரம் அதன் சங்கிலியைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிவிடும். பாலியீதர் வகை ஈரத்தைத் தாங்கும்; ஆனால் வெளிச்சமும் ஆக்சிஜனும் அதை அரிக்கும். பல வருஷம் பீரோவில் வைத்த நல்ல ஷூவை எடுத்துப் போட்டதும் அடிப்பாகம் பொடிப்பொடியாகப் போயிருக்கும்ல? அதே வேதியியல்தான். உபயோகிக்காமல் வைத்திருந்தாலும் கெடும். மியூசியம்காரர்களுக்கு இது பெரிய தலைவலி.

வேனில் இது அழகுப் பிரச்சினை மட்டும் இல்லை. காற்றால் குளிரும் எஞ்சினில் ஒரு விசிறி எஞ்சின் அறையிலிருந்து காற்றை இழுத்து சிலிண்டர்கள்மேல் அடிக்கும். உதிர்ந்த ஸ்பாஞ்சுத் தூள் அங்கே கிடந்தால் அதுவும் உள்ளே போகும். இன்னொன்று, எஞ்சினைச் சுற்றியுள்ள தகடுகளுக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு சீல் ஓடுகிறது. மேலே குளிர்ந்த காற்று, கீழே எஞ்சின் கக்கிய சூடான காற்று. இரண்டும் கலக்காமல் தடுப்பது அந்த சீல்தான். அது கிழிந்தால் எஞ்சின் தான் விட்ட சூட்டையே திரும்ப மூச்சாக இழுக்கும். பார்க்க ஒரு சாதாரண ரப்பர் பட்டை. ஆனால் எஞ்சினின் ஆயுள் அதில்தான் இருக்கிறது. இன்சுலேஷன் மாற்றக் கிளம்புகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் சுவர் இல்லை, இதுதான்.

மஞ்சள் பஞ்சு யார்?

இப்போது நண்பரின் கேள்விக்கு வருவோம்.

உலோக உலைக் கசடை உருக்கி இழையாக்கும் வேலை 19-ஆம் நூற்றாண்டிலேயே நடந்தது. 1871-இல் ஜெர்மனியின் கேயோர்க்ஸ்மரியன்ஹ்யூட்டேவில் அதை வியாபாரமாகவே செய்தார்கள். கண்ணாடிப் பஞ்சு வந்தது அமெரிக்காவில். 1932-இல் ஓவன்ஸ்-இல்லினாய் நிறுவனத்தில் டேல் கிளைஸ்ட் என்ற இளைஞர் கண்ணாடிக் கட்டிகளை ஒட்டவைக்க முயன்றபோது, அழுத்தக் காற்று உருகிய கண்ணாடிமேல் பட்டு மெல்லிய இழைகளாகச் சிதறியது. அவருடைய மேலாளர் கேம்ஸ் ஸ்லேட்டர் அதன் மதிப்பைப் புரிந்துகொண்டு உற்பத்தி முறையாக வளர்த்தார். 1938-இல் ஓவன்ஸ்-கார்னிங் உருவானது. பஞ்சின் மஞ்சள் நிறம் கண்ணாடியுடையது இல்லை. இழைகளை ஒட்டும் ஃபீனால் பிசினின் நிறம்.

ஆஸ்பெஸ்டாஸ் இந்த மாதிரி வண்டிகளில் இருக்கும் இடம் பெரும்பாலும் வேறு: அடுப்புக்கும் ஹீட்டருக்கும் பின்னால் வைத்த அட்டை, புகைக்குழாய் கேஸ்கெட், பிரேக் லைனிங், கிளட்ச். ஜெர்மனி 1993-இலும் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2005-இலும் அதைத் தடை செய்தன. நம்மூரில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கூரை இன்னும் சட்டப்படி விற்கிறது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். மூச்சில் போன இழை நோயாக வெளிப்பட 20 முதல் 50 வருஷம்கூட ஆகலாம். அதனால்தான் "எனக்கு ஒண்ணும் ஆகலையே" என்ற பேச்சுக்கு இதில் மதிப்பில்லை.

கண்ணால் பார்த்து முடிவு சொல்லக்கூடாது என்பதால் நண்பர் ஒரு சிறு துண்டை ஈரமாக்கிப் பையில் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்பினார். கண்ணாடிப் பஞ்சு என்று வந்தது. அப்பாடா என்று முடித்துவிடலாமா? முடியாது.

ஜெர்மன் விதிமுறையில் "பழைய கனிமப் பஞ்சு" என்று தனி வகை இருக்கிறது. 1996-க்கு முன் செய்த பஞ்சு எல்லாம் பொதுவாக இதில்தான் சேரும். 2000 ஜூன் முதல் அந்த வகையைச் செய்யவோ புதிதாகப் பயன்படுத்தவோ கூடாது. காரணம் இழையின் அளவும் ஆயுளும். நீளம் 5 மைக்ரோமீட்டருக்கு மேல், விட்டம் 3-க்குக் கீழ் இருந்தால் அது நுரையீரலின் ஆழம் வரை போகும். அங்கே போனபின் எவ்வளவு சீக்கிரம் கரைகிறது என்பதுதான் கேள்வி. 90-களின் நடுவிலிருந்து சீக்கிரம் கரையும்படி கண்ணாடியின் கலவையையே மாற்றினார்கள். 2001-இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை கண்ணாடிப் பஞ்சை மறுபரிசீலனை செய்து, "வகைப்படுத்த முடியாதவை" பட்டியலுக்கு இறக்கியது. ஆக, ஆஸ்பெஸ்டாஸ் அளவுக்குப் பயம் வேண்டாம். 1981 பஞ்சை வெறும் கையால் பிய்த்து எறியவும் வேண்டாம். பொருத்தமான மாஸ்க், கையுறை, லேசாகத் தண்ணீர் தெளித்தல், கிழிக்காமல் முழுசாகச் சுருட்டிப் பையில் போட்டுக் கட்டுதல். குழந்தை அந்தப் பக்கமே வரக்கூடாது. அவர் அப்படித்தான் எடுத்தார்.

உண்மையான எதிரி தண்ணீர்

பஞ்சை எடுத்ததும் பின்னால் தெரிந்தது துரு. ஜன்னலுக்குக் கீழே ஒரு கை அகலத்துக்கு.

கணக்கு எளிது. உள்ளே 20 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம் என்றால், 12 டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்தப் பரப்பிலும் நீர் படியும். இரவில் வெளியே பூஜ்யம் என்றால் தகடும் கிட்டத்தட்ட பூஜ்யம். தூங்கும் ஆள் ஒவ்வொருவரும் மூச்சிலும் வியர்வையிலும் ஈரத்தை விட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒரு கிலோ புரோப்பேன் எரித்தால் சுமார் 1.6 கிலோ தண்ணீர் உருவாகும். பலகை இடுக்கு வழியே அந்த ஈரம் பஞ்சுக்குள் நுழைந்து, தகட்டில் படிந்து, பஞ்சிலேயே தங்கும். நனைந்த பஞ்சு குளிரையும் தடுக்காது, துருவை மட்டும் வளர்க்கும். கூடவே ஜன்னல் ரப்பர் கசிந்தால் கேட்கவே வேண்டாம்.

இதனால்தான் இப்போது பலர் மூடிய அறைகள் கொண்ட நைட்ரைல் ரப்பர் ஃபோமைத் தகட்டோடு இடைவெளி இல்லாமல் ஒட்டுகிறார்கள். 1954-இல் ஆர்ம்ஸ்ட்ராங் நிறுவனம் ஆர்மாஃபிளெக்ஸ் என்ற பெயரில் குளிர்சாதனக் குழாய்களுக்காகக் கொண்டுவந்த பொருளின் வம்சம் அது. குளிர்ந்த இரும்புக் குழாயில் நீர் வேர்ப்பதும் குளிர்ந்த வேன் சுவரில் நீர் வேர்ப்பதும் ஒரே பிரச்சினைதானே. ஒன்றை மட்டும் செய்யாதீங்க: சுவர் அடியில் இருக்கும் பெட்டி போன்ற குழிகளில் ஸ்பிரே ஃபோம் அடித்து அடைப்பது. அங்கே கீழே உள்ள துளைகள் தண்ணீர் வெளியேறுவதற்காக வைத்தவை.

சத்தம் வேறு கணக்கு

பஞ்சு வைத்தால் சத்தமும் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். பஞ்சு காற்றில் வரும் ஒலியைத்தான் உறிஞ்சும். தகடு பறை மாதிரி அதிர்வதை அது நிறுத்தாது. அதற்குத் தகட்டோடு ஒட்டி, அதிர்வைச் சூடாக மாற்றும் பிசுபிசுப்பான அடுக்கு வேண்டும். பழைய வண்டிகளில் தார் அட்டை அந்த வேலையைச் செய்தது. 1952-இல் ஓபெர்ஸ்ட் அதன் கணிதத்தை எழுதினார். 1959-இல் எட்வர்ட் கெர்வின், பிசுபிசுப்பான அடுக்கின்மேல் இன்னொரு மெல்லிய தகடு வைத்தால் மெல்லிய பூச்சே நிறைய அதிர்வை விழுங்கும் என்று காட்டினார். இன்று கடையில் விற்கும் அலுமினியம் ஒட்டிய பியூட்டைல் ஷீட் அந்தச் சிந்தனையின் பிள்ளை.

கெர்வின் வேலை பார்த்த இடம் போல்ட் பெரனெக் அண்ட் நியூமன். ஒலியியல் கம்பெனியாகத் தொடங்கிய அதுதான் 1969-இல் அர்பாநெட்டின் முதல் ரவுட்டர்களைச் செய்தது. என் தொழிலின் மூதாதையும் வேன் சத்தத்தின் மருந்தும் ஒரே கம்பெனியிலிருந்து!

தார் அட்டையும் முதுமையடையும். கெட்டியாகி, வெடித்து, ஓரத்தில் தூக்கிக்கொண்டு, அடியில் தண்ணீரைத் தேக்கும். தட்டிப் பாருங்க, ஒட்டியிருந்தால் மந்தமான சத்தம், விட்டிருந்தால் தகரச் சத்தம். நன்றாக ஒட்டியிருப்பதைப் பிடுங்க அவசியமில்லை.

ஒவ்வொரு தலைமுறையும் தன் காலத்தின் நல்ல பொருள் என்று நம்பியதைத்தான் அந்தச் சுவருக்குள் வைத்தது. அதற்கடுத்த தலைமுறை மாஸ்க் போட்டு அதை எடுக்கிறது. இன்று நாம் ஒட்டும் ரப்பருக்கும் ஒரு நாள் அந்த முறை வரும். அதனால் பலகையை மூடும் முன், அதன் பின்புறத்தில் என்ன பொருள், என்ன பசை, எந்த வருஷம் என்று பேனாவால் எழுதி வையுங்க. கோடில் கமென்ட் எழுதுகிற மாதிரிதான். படிக்கப்போவது யாரென்று நமக்குத் தெரியாது, ஆனால் அவருக்கு அது வேண்டியிருக்கும்.