தண்டவாளம் போன பின்னும் நிற்கும் மைரா பாலங்கள்

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், கெலோனா நகருக்கு மேலேயுள்ள மலையில் இருக்கிறது மைரா பள்ளத்தாக்கு. அதன் விளிம்பைச் சுற்றிச் செல்லும் சுமார் 12 கிலோமீற்றர் பாதையில் 18 பாலங்களும் 2 சுரங்கங்களும் உள்ளன. இன்று நாம் நடக்கவும் சைக்கிள் ஓடவும் போகும் இந்தப் பாதை புகையிரதத்துக்காகப் போடப்பட்டது.

மாகாணத்தின் தென்கிழக்கில் தோண்டிய கனிமங்கள் அமெரிக்கப் பாதைகள் வழியே தெற்கே போய்க்கொண்டிருந்தன. அவற்றைக் கரையோரப் பக்கம் திருப்பவே கெட்டில் வாலி புகையிரதப் பாதை 1910இல் தொடங்கி 1915இல் திறக்கப்பட்டது. பிரதம பொறியியலாளர் அன்ட்ரூ மக்கலக். 100 மீற்றர் தூரத்துக்கு 2.2 மீற்றருக்கு மேல் ஏறக்கூடாது என்பது அவருக்கிருந்த கட்டுப்பாடு. இன்று எங்கள் அம்மம்மாமாரும் இளைக்காமல் நடப்பது அதனால்தான். பள்ளங்களைக் கடக்க, அருகிலிருந்த காட்டு மரத்தையே தூண்களாக நிறுத்தி, குறுக்குச் சட்டங்கள் அடித்து, அடுக்கடுக்காக உயர்த்தினார்கள். அவற்றில் பெரிய இரண்டை 1930களின் தொடக்கத்தில் இரும்புப் பாலங்களாக மாற்றினார்கள். மற்ற 16உம் மரமாகவே இருந்தன.

1970களில் ஓட்டம் நின்றது. 1980இல் தண்டவாளம் கழற்றப்பட்டது. யாழ்ப்பாணப் பாதையின் தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கருக்குப் போனதைக் கண்ட எங்களுக்கு அடுத்தது என்னவென்று தெரியும். இங்கே அப்படி நடக்கவில்லை. கைபிடியில்லாத பாலங்களில் கட்டைக்குக் கட்டை இடைவெளியாகக் கிடந்ததை, 1990களில் உள்ளூர்த் தொண்டர்கள் பலகை அடித்து, கைபிடி வைத்து, நடைபாதையாக்கினார்கள்.

2003 ஜனவரியில் தேசிய வரலாற்றுச் சின்னம் என்ற தகுதி கிடைத்தது. அதே ஆண்டு ஓகஸ்டில் மின்னல் மூட்டிய காட்டுத்தீ, கெலோனா பகுதியில் 200க்கும் மேற்பட்ட வீடுகளை எரித்தது. செப்டெம்பரில் அது பள்ளத்தாக்குக்கு வந்து 12 மரப்பாலங்களைச் சாம்பலாக்கியது. இரும்புப் பாலங்களின் மேல்தளமும் போனது.

கணக்கு எழுதுபவர்கள் இந்த இடத்தில் சற்று நிற்போம். வருமானமில்லாத, ஏட்டில் எப்போதோ பெறுமானம் கழித்து முடிந்த சொத்து. அதற்கு மத்திய, மாகாண அரசுகளின் அனர்த்த நிதியிலிருந்து சுமார் 13.5 மில்லியன் டொலர். அதுவும் மலிவான நடைப்பாலமாக அல்ல. பழைய வடிவத்திலேயே, மரத்தாலேயே. 2008 ஜூனில் பாதை மீண்டும் திறந்தது. எங்களுக்கு அது வீண்செலவாகத் தெரியவில்லை.

போகிறவர்கள் கவனிக்க: வாகனத் தரிப்பிடத்துக்கு ஏறும் கடைசிப் பகுதி கிரவல் வீதி. தண்ணீர் கையோடு கொண்டு போங்கள். தீ தொடாத பழைய மரப்பாலங்கள் நான்கு. மரத்தின் கறுத்த நிறத்தை வைத்தே பிள்ளைகள் அவற்றைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.